நாய் போஸ்டர்ல ‘இனப்படுகொலை’ன்னு போடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. தெருநாய்க்கு சோறு வைக்குற, கருத்தடைக்கும் வெறிநாய் ஊசிக்கும் தூக்கிட்டுப் போற ஒரு சின்ன குரூப்ல இருக்கேன், எல்லாருமே வேலைக்குப் போறவங்க. போன மாசம் எங்க தெருவுக்கு ஒரு வண்டி வந்து அஞ்சு நாயை பிடிச்சிட்டுப் போச்சு, அதுல மூணு ஏற்கெனவே ஆபரேஷன் முடிஞ்சு காதுல வெட்டு போட்ட நாய், ஒண்ணுகூட திரும்பி வரல. ஆத்திரத்துல நான் ஒரு போஸ்டர் செஞ்சேன், கறுப்பு பேக்ரவுண்டு, முள்வேலிக்குப் பின்னாடி ஒரு நாய் முகம், மேல சிவப்புல ‘நாய் இனப்படுகொலையை நிறுத்து’. நல்லா ஷேர் ஆச்சு. ஆனா எங்க குரூப்லயே இருந்த ஒரு பொண்ணு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்ல வளர்ந்தவ, ‘எங்க சித்தி செத்தது உங்க போஸ்டருக்கு இல்ல’ன்னு ஒரே வரி போட்டுட்டு குரூப்பை விட்டே போயிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இன்னொரு பக்கம் கோவமும் வருது, வார்த்தையை யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கலையே, எல்லாரும் ‘கொசு மேல போர்’ங்குறாங்க, எதுக்கெடுத்தாலும் ‘சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ங்குறாங்க, கண்டிப்பான வாத்தியாரை ஹிட்லர்ங்குறாங்க, நான் ஒரு உயிருக்காக சொன்னா மட்டும் தப்பா? போஸ்டரை எடுக்கணுமா வேணாமா?

பதில்: வணக்கம்மா. எடுத்துடுங்க. காரணமெல்லாம் கீழ சொல்றேன், ஆனா அதைப் படிச்சு முடிக்குற வரைக்கும் போஸ்டர் ஷேர் ஆயிட்டேதான் இருக்கும், அதனால முதல்ல எடுத்துட்டு வந்து மீதியைப் படிங்க.

பிரச்சார வாசகம் எழுதுறதும் அடுத்தவங்க எழுதுனதைத் திருத்துறதும்தான் என் தொழில். வார்த்தைக்கு பட்டா இல்லைன்னு நீங்க சொன்னது சரிதான், அதை முழுசா ஒத்துக்குறேன். ‘இரும்புத்திரை’யவே எடுத்துக்கோங்க. அது நாடகக் கொட்டகைல இருந்து வந்த சமாச்சாரம், மேடைல தீப்பிடிச்சா ஜனங்க உட்கார்ந்திருக்குற பக்கம் பரவாம இருக்க மேல இருந்து இறக்குற நிஜமான இரும்புத் தடுப்பு. 1946 மார்ச் 5ஆம் தேதி, அப்ப பதவியில இல்லாத பிரிட்டன் முன்னாள் பிரதமர் சர்ச்சில் அமெரிக்கால மிசோரி மாநிலத்துல ஃபுல்டன்ங்குற சின்ன ஊரு காலேஜ்ல பேசும்போது, பால்டிக் கரை ஸ்டெட்டின்ல இருந்து ஏட்ரியாட்டிக் கரை ட்ரியெஸ்ட் வரைக்கும் ஐரோப்பாவுக்குக் குறுக்க ஒரு இரும்புத்திரை இறங்கிடுச்சுன்னு சொன்னாரு, சோவியத் பிடியில இருந்த கிழக்குப் பக்கத்தையும் மேற்குப் பக்கத்தையும் பிரிக்குற எல்லையைத்தான் அப்படிச் சொன்னாரு. அவருக்கு முன்னாடியும் சிலர் சொல்லியிருக்காங்க, ஆனா உலகத்துல நின்னது இவர் சொன்னதுதான். நாப்பது வருஷத்துக்கு மேல அந்த வார்த்தைக்குள்ள பிரிஞ்சுபோன குடும்பம் இருந்துச்சு, எல்லையைத் தாண்டப் போயி சுடப்பட்டவங்க இருந்தாங்க. இன்னைக்கு அதே எல்லை நெடுக நார்வே வடக்குல இருந்து கருங்கடல் வரைக்கும் ஒரு சைக்கிள் பாதை இருக்கு, பேரே இரும்புத்திரைப் பாதை, டூரிஸ்ட்டுங்க குழந்தைங்களோட ஓட்டிட்டுப் போறாங்க, அந்த நாட்டு ஆளுங்களே சந்தோஷமா வரவேற்குறாங்க. ஏன் யாருக்கும் வலிக்கலைன்னா பெர்லின் சுவர் இடிஞ்சுபோச்சு, கம்பி வேலியை அறுத்தாச்சு, அந்தக் கணக்கு பெரும்பாலும் முடிஞ்சுபோச்சு. அதுவும் போக, அந்தச் சொல் ஒரு தடுப்போட வடிவத்தைச் சொல்லுது, செத்தவங்க யாரையும் தூக்கிட்டு வந்து நிறுத்தல.

காலம் போனா எல்லா வார்த்தையும் ஆறிடும்னு இதை வெச்சு நினைச்சுடக் கூடாது. அமெரிக்காவுல லிஞ்சிங்னு ஒரு வார்த்தை, கறுப்பின மக்களை வெள்ளைக்காரக் கும்பல் இழுத்துட்டுப் போயி அடிச்சு மரத்துல தொங்கவிட்ட கொடுமைக்குப் பேரு. 1991ல கிளாரன்ஸ் தாமஸ்ங்குற கறுப்பின நீதிபதி, தன் மேல வந்த பாலியல் புகாரை செனட் விசாரிச்சப்ப, இது நவீன லிஞ்சிங்னு சொன்னாரு. அவரு சொன்னது நியாயமான்னு இன்னைக்கும் சண்டை நடக்குது, ஆனா அந்தக் கொடுமையைச் சந்திச்ச சமூகத்துல இருந்து வந்தவர் அவர், அதை யாரும் மறுக்க முடியாது. 1998ல கிளிண்டன் பதவிநீக்க விவகாரத்துல ஜோ பைடன் டிவில உட்கார்ந்துட்டு இதே வார்த்தையை சர்வசாதாரணமா சொன்னாரு, அப்ப பெருசா யாரும் கண்டுக்கல. 2019 அக்டோபர்ல டிரம்ப் தன் மேல நடக்குற பதவிநீக்க விசாரணையை லிஞ்சிங்னு சொன்னப்ப நாடே கொதிச்சுது, பைடனும் கண்டிச்சாரு, உடனே அவரோட பழைய வீடியோவை எடுத்துப் போட்டாங்க, அவரும் மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு. அதாவது இருபது வருஷம் கழிச்சு அந்த வார்த்தையோட சூடு ஏறித்தான் இருந்துச்சு. அந்தக் கொடுமையை மத்திய அரசுச் சட்டத்துல தனிக் குற்றமா ஆக்கணும்னு 1900ல இருந்து மசோதா கொண்டு வந்து கொண்டு வந்து தோத்துட்டே இருந்தாங்கம்மா, கடைசில 2022 மார்ச்சுலதான் நிறைவேறுச்சு, 1955ல கொல்லப்பட்ட எம்மெட் டில்ங்குற பதினாலு வயசுப் பையன் பேர்ல. இத்தனை வருஷம் நியாயம் கிடைக்காம கிடந்த ஒண்ணை யாரோ ஒருத்தர் தன்னோட பதவிப் பிரச்சினைக்கு எடுத்துப் போத்திக்கிட்டா எரியத்தானே செய்யும்.

நீங்க சொன்ன சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்குக்கு வர்றேன். அதுல வேற ஒரு ஆபத்து இருக்கு. ஆஸ்பத்திரி கத்தில இருந்து ராணுவத்துக்குப் போன உவமை அது, சுத்தமா, குறி பார்த்து, கெட்டுப்போன இடத்தை மட்டும் அறுத்து எடுக்குறோம்னு ஒரு உத்தரவாதம் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. 2016 செப்டம்பர் 29 அன்னைக்கு எல்லை தாண்டி நடந்த தாக்குதலை அந்தப் பேர்ல அறிவிச்சாங்க, அதே வருஷம் நவம்பர் 8ல 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு சொன்னவுடனே கறுப்புப் பணத்து மேல சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்னு மேடைக்கு மேடை பேசுனாங்க. ஏடிஎம் வாசல்ல விடியக்காலைல இருந்து நின்ன வயசானவங்க, வாரக்கூலி வாங்க முடியாத கட்டட வேலையாளுங்க, கல்யாணத்துக்கு வெச்சிருந்த பணத்தை மாத்த அலைஞ்ச குடும்பம், இவங்களுக்கெல்லாம் அந்த வார்த்தைக்குள்ள இடமே இல்ல, குறி பார்த்து வெட்டுனதுன்னு சொல்லியாச்சுன்னா குறி தப்பி வெட்டுப்பட்டவங்க கணக்குலயே வர மாட்டாங்கல்ல. எல்லாரும் சொல்றாங்கங்குறது ஒரு உவமைக்கு நற்சான்றிதழ் ஆகாது. ஹிட்லர் வாத்தியார் சமாச்சாரமும் எனக்குப் பிடிக்காது, ஆனா அதை இங்க இழுத்தா நீண்டுடும்.

இப்ப உங்க போஸ்டருக்கு ரொம்ப நெருக்கமான ஒரு விஷயம். இதே வேலையை ஒரு பெரிய விலங்கு உரிமை அமைப்பு செஞ்சு பார்த்திருக்கு, பீட்டா. 2017 ஜல்லிக்கட்டு நேரத்துல இருந்து அந்தப் பேரைக் கேட்டாலே நம்மூர்ல பல பேருக்கு முகம் சுருங்கும், அதை விடுங்க, இது அதுக்கும் முந்தின கதை. 2003ல அமெரிக்கால ‘உங்க தட்டுல ஹோலோகாஸ்ட்’னு ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, ஹோலோகாஸ்ட்ங்குறது நாஜிங்க யூதர்களைக் கொன்னு குவிச்ச படுகொலைக்குப் பேரு, பெரிய பெரிய பேனல், ஒரு பக்கம் நாஜி வதைமுகாம் போட்டோ, இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை, இறைச்சிக்கூடம் போட்டோ. ஒண்ணுல முகாம் மரப்பலகைல அடுக்கடுக்கா படுத்துட்டு கேமராவைப் பார்க்குற மனுஷங்க, பக்கத்துல கூண்டுல அடுக்கடுக்கா கோழிங்க. முன்னால நின்னு நடத்தினவர் ஒரு யூதர்தான், சொந்தக்காரங்களை அந்தப் படுகொலைல இழந்தவர்தான். அப்படி இருந்தும் உயிர்தப்பி வந்தவங்களும் அவங்க பிள்ளைகளும் கொதிச்சுப்போனாங்க, 2005 மே மாசம் அந்த அமைப்போட தலைவர் மன்னிப்புக் கேட்டாங்க. ஜெர்மனில யூத மக்கள் அமைப்போட தலைவர்கள், அந்தக் காலத்துல சின்னப் பிள்ளையா இருந்து உயிர் தப்பினவங்க, கோர்ட்டுக்குப் போயி தடை வாங்குனாங்க, அது மேல மேல போயி 2012 நவம்பர்ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்தத் தடை பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா பக்கத்து நாடான ஆஸ்திரியால உச்ச நீதிமன்றம் இதே பிரச்சாரத்தை அனுமதிச்சுது. சட்டத்தை மட்டும் கேட்டா ஒரு ஊர்ல ஆம்னும் ஒரு ஊர்ல இல்லைன்னும்தான் பதில் வரும், அதனால நான் உங்களுக்கு சட்டம் சொல்லப்போறதில்ல. நான் பார்க்குறது வேற. அந்தக் கோழிங்க நிஜமாவே கொடுமைலதான் இருந்துச்சு, ஒரு தாள் அளவு இடத்துல ஆயுசு முழுக்க நின்னுச்சு. ஆனா அந்த பேனல் வந்த இடத்துலயெல்லாம் ஜனங்க பேசுனது கோழியைப் பத்தி இல்ல, பேனலைப் பத்தி. உங்க போஸ்டர் கீழ வந்த கமெண்ட்டை ஒரு தடவை எண்ணிப் பாருங்க, வண்டியைப் பத்தி எத்தனை, வார்த்தையைப் பத்தி எத்தனைன்னு.

அடுத்து சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. இனப்படுகொலைங்குறது தமிழ்ல வெறும் ‘நிறைய சாவு’ன்னு அர்த்தம் தர்ற சொல் இல்ல. ஒரு மக்கள் கூட்டத்தை, அவங்க அந்தக் கூட்டமா இருக்குற ஒரே காரணத்துக்காக அழிக்கணும்ங்குற நோக்கம் இருந்துச்சான்னு கேக்குற சொல், 1948ல ஐநா ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு. 2009ல இலங்கை வடக்குல, வன்னியில, என்ன நடந்துச்சுங்குறதுக்கு அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு சனம் பதினைஞ்சு வருஷத்துக்கு மேல வாசல் வாசலா நிக்குது. போரோட கடைசி மாசங்கள்ல 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐநா நிபுணர் குழு 2011ல சொன்னுச்சு. 2015 பிப்ரவரில இலங்கை வடக்கு மாகாண சபை இனப்படுகொலைன்னு தீர்மானம் போட்டுச்சு, 2022ல கனடா பார்லிமெண்ட் மே 18ஐ தமிழ் இனப்படுகொலை நினைவு நாளா ஏத்துக்கிச்சு, இலங்கை அரசு இன்னைக்கு வரைக்கும் மறுக்குது. கிளிநொச்சில 2017 பிப்ரவரில தாய்மாருங்க போட்டோவைக் கைல பிடிச்சுட்டு ரோட்டோரம் உட்கார்ந்தாங்க, பிள்ளை எங்கன்னு கேட்டு, அதுல பல பேரு பதில் கிடைக்காமலே செத்துப்போயிட்டாங்க. மே மாசம் உப்பும் அரிசியும் தண்ணியும் போட்டுக் காய்ச்சி ரோட்டுல வர்றவங்களுக்குக் குடுக்குற முள்ளிவாய்க்கால் கஞ்சி, அந்தக் கடைசி நாள்ல அங்க இருந்த ஒரே சாப்பாடு அதுதான், அதைக் குடுத்ததுக்கே 2024ல திருகோணமலை சம்பூர்ல பொம்பளைங்களைக் கைது பண்ணாங்க.

அப்ப அந்த வார்த்தை அவங்களுக்கு ஒரு உவமையே கிடையாதும்மா, இன்னும் தீர்ப்பு வராத ஒரு புகார். அதை நாம நாய்க்கும், மரத்துக்கும், கிரிக்கெட்டுல தோத்ததுக்கும் எடுத்து வீசிட்டே இருந்தா, நாளைக்கு மறுக்குறவன் ரொம்ப சுலபமா சொல்லிடுவான், தமிழங்க எதுக்கெடுத்தாலும் இனப்படுகொலைன்னுதான் கத்துவாங்கன்னு. உங்க தோழி குரூப்பை விட்டுப் போனது மனசு நொந்து மட்டும் இல்லைன்னு எனக்குப் படுது, அவங்க வீட்டு சாட்சியம் நம்ம கையால நீர்த்துப்போறதைப் பார்த்துட்டுப் போயிருக்காங்க. இன்னொரு நாட்டு சனத்துக்கு நடந்ததை இனப்படுகொலைன்னு நீங்க சொன்னா அது வேற விஷயம், அது உவமை இல்ல, அது ஒரு குற்றச்சாட்டு, ஆதாரத்தோட வாதாடலாம். நாய்க்குச் சொல்றப்ப நீங்க வாதாட வரல, அந்த வார்த்தையோட கனத்தை மட்டும் இரவல் வாங்குறீங்க.

உயிருக்குள்ள என்ன பேதம்னு உங்க மனசுல ஒரு கேள்வி ஓடும், தெரியும். நாய் உயிர் மட்டம்னு நான் சொல்லவே இல்ல. ஆனா மனுஷனைக் கொல்றதுக்கு முன்னாடி அவனை மிருகமா பூச்சியா ஆக்குறது கொலைகாரங்க எப்பவும் செய்யுற வேலை. 1994ல ருவாண்டால ரேடியோவுலயே துட்சி மக்களைக் கரப்பான்பூச்சின்னு சொல்லிச் சொல்லித்தான் வெட்டுக்கத்தியோட ஆளுங்களைக் கிளப்பிவிட்டாங்க, நாஜிங்க யூதர்களை எலின்னு படம் எடுத்துக் காட்டுனாங்க. உயிர் தப்பி வந்தவங்க பேசும்போது கவனிச்சுப் பாருங்க, ‘நாயைச் சுடுற மாதிரி சுட்டாங்க’ங்குற வாக்கியம் வந்துடும். அந்த வாக்கியத்தைச் சின்ன வயசுல இருந்து வீட்டுல கேட்டு வளர்ந்த பொண்ணு முன்னாடி நாய் முகத்தையும் அந்த வார்த்தையையும் ஒண்ணா வெச்சா, நீங்க நாயை மேல தூக்குனதா அவங்களுக்குத் தெரியாது, திரும்பவும் அவங்க சித்தியை நாய் பக்கத்துல கொண்டு போயி வெச்சதாத்தான் தெரியும்.

முள்வேலிப் படத்தையும் தூக்கிடுங்க. நீங்க ‘அடைச்சு வெச்சிருக்காங்க’ன்னு காட்டத்தான் போட்டிருப்பீங்க. ஆனா 2009 போர் முடிஞ்சப்புறம் செட்டிகுளம் மெனிக் ஃபார்ம்ல ரெண்டு லட்சத்துக்கு மேல சனத்தை அடைச்சு வெச்ச இடத்தை முள்வேலி முகாம்னுதான் தமிழ்ல எல்லாரும் சொன்னோம், பத்திரிகைல முதல் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுட்டு நின்ன குழந்தைங்க போட்டோ வந்துச்சு. வார்த்தையை மாத்திட்டு அந்தப் படத்தை விட்டா பாதிதான் திருத்துன மாதிரி.

சரி, அப்ப என்ன போடுறது. உங்க கைல இருக்குற உண்மையே போதுமான கனமா இருக்கும்மா, அதை நீங்க இன்னும் எழுதவே இல்ல, அதுதான் எனக்கு ஆதங்கம். காதுல வெட்டு போட்ட மூணு நாய், அதாவது ஏற்கெனவே கருத்தடை முடிஞ்சு ஊசி போட்டதுன்னு ரோட்டுல நடக்குற எவனுக்கும் தெரியுற அடையாளத்தோட இருந்த நாய். 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிப்படி பிடிச்ச நாயை ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும். 2025 ஆகஸ்ட்ல டெல்லி நாய்ங்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டு போங்கன்னு உச்ச நீதிமன்றம் முதல்ல சொல்லுச்சு, அப்புறம் ஆகஸ்ட் 22ல திருத்தி, வெறி பிடிச்சது, ரொம்ப ஆக்ரோஷமானது தவிர மத்ததை ஊசி போட்டு அதே இடத்துல விடச் சொல்லுச்சு. அதுக்கப்புறமும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களுக்கு தனி உத்தரவு வந்திருக்கு, அதனால உங்க தெருவுக்கு இப்ப எது பொருந்தும்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க. என்னைக் கேட்டா போஸ்டர் இப்படி இருக்கலாம்:

‘செவ்வாய்க்கிழமை காலைல வண்டி வந்துச்சு. அஞ்சு நாயை ஏத்துனாங்க. மூணு நாய் காதுல வெட்டு இருக்கு, ஊசி போட்டாச்சுன்னு அர்த்தம். ஒண்ணுகூட திரும்பல. யார் பிடிச்சது, எங்க வெச்சிருக்கீங்க?’

கிழமையை நீங்க சரியாப் போட்டுக்கோங்க. கீழ அந்த நாய்ங்களோட பழைய போட்டோ, காது தெரியுற மாதிரி, வெயில்ல படுத்துட்டு இருக்குற சாதாரண போட்டோ. கறுப்பு பேக்ரவுண்டு வேணாம். ‘எங்க’ன்னு கேக்குறது கிளிநொச்சித் தாய்மாரோட கேள்வி ஆச்சேன்னு உங்களுக்கு இப்ப ஒரு பயம் வரலாம். பயப்படாதீங்க, காணாமப்போன யாரையும் தேடுற எவரும் கேக்குற கேள்வி அது, அதுல யாரோட பிணத்தையும் நீங்க இரவல் வாங்கல.

இன்னொண்ணு, உங்க தெருவுலயே நாய் கடிச்ச பிள்ளையோட அம்மா இருப்பாங்க. வெறிநாய்க்கடி நோயோட அறிகுறி தெரிய ஆரம்பிச்சா அநேகமா யாரும் பிழைக்குறதில்ல, அந்தப் பயம் நியாயமான பயம். இனப்படுகொலைன்னு எழுதுனீங்கன்னா அந்த அம்மாவை நீங்க கொலைகாரக் கூட்டத்துல சேர்த்துடுறீங்க, அப்புறம் அவங்க உங்க பேச்சை எப்படிக் கேப்பாங்க? ‘ஊசி போட்ட நாயைத் தூக்கிட்டுப் போயிட்டா அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும்’னு எழுதிப் பாருங்க, அது அவங்க பிள்ளைக்கும் சேர்த்துப் பேசுற வாக்கியம், நீங்க குடுக்கப்போற மனுவுக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்தும் கிடைக்கும்.

தோழிகிட்ட பேசுறதுக்கு வர்றேன். குரூப்ல நீளமா மன்னிப்பு எழுதாதீங்க, அவங்க அங்க இல்லவும் இல்ல, இருக்குறவங்க ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. போன் பண்ணுங்க, எடுக்கலைன்னா ‘போஸ்டரை எடுத்துட்டேன், படத்தையும் எடுத்துட்டேன், நீ சொன்னது புரிஞ்சுது’ன்னு மூணு விஷயம் மட்டும் வாய்ஸ்ல அனுப்புங்க. வேணும்னு செய்யல, நாய் மேல இருந்த பாசத்துல செஞ்சேன்னு விளக்கம் ஆரம்பிக்காதீங்க, உங்க பாசம் அவங்களுக்குத் தெரியும், உங்ககூட சேர்ந்து நாய் தூக்குன பொண்ணு அவங்க. முக்கியமா புது போஸ்டரை அனுப்பி ‘இது ஓகேவா’ன்னு கேக்காதீங்க. எந்த வார்த்தை வலிக்கும்னு நமக்குச் சொல்லித் தர்றது அவங்க வேலை இல்ல. அவங்களா சித்தியைப் பத்திப் பேசுனா உட்கார்ந்து கேளுங்க. பேசலைன்னா நாய்ங்க விஷயத்தை மட்டும் பேசுங்க, திரும்ப குரூப்புக்கு வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்.

புது போஸ்டர் போடுற அன்னைக்கே மனுவும் ரெடியா இருக்கட்டும். அஞ்சு நாயோட அடையாளம், போட்டோ, பிடிச்ச தேதி, நேரம், வண்டி நம்பர் தெரிஞ்சா அது, ஆபரேஷன் பண்ண இடத்துல குடுத்த சீட்டோட நகல், எல்லாத்தையும் வெச்சு உங்க உள்ளாட்சி ஆபீஸ்ல குடுத்து சீல் போட்ட ரசீது வாங்கிக்கோங்க. பழைய போஸ்டரை ஷேர் பண்ணவங்களுக்கு தனித்தனியா ஒரு மெசேஜ் போட்டு, அதை எடுத்துட்டு புதுசைப் போடச் சொல்லுங்க, நேரம் எடுக்கும், ஆனா அதைச் செஞ்சாதான் எடுத்ததா அர்த்தம்.